பாம்புக்கடியும் செவிலியரின் மருந்துத் தட்டும்

நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வரும். அரிசி ஆலைகள் மலிந்த நம் புதுவயலில் இதனை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் வரப்பு வழியே மடை பார்க்கச் செல்லும் உழவர், உமிக் குவியலுக்கு அருகே வேலை செய்யும் ஆலைத் தொழிலாளர், குழித்தறியில் காலை இறக்கி அமரும் நெசவாளர் ஆகிய மூவருக்கும் இந்த அபாயம் பொதுவானது. ஆதலின் இம்மாதம் நூல் விலையையும் உர விலையையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, உயிர் பற்றிய இந்த விஷயத்தை அங்கத்தினர்கள் முன் வைக்கின்றோம்.

பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே முறை என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர். ஆயினும் அங்கே போய்ச் சேர்ந்த பின்னர் ஒரு புதிய சங்கடம் தோன்றுகிறது. செவிலியர் கடிபட்டவரின் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அதனை அசையாமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். உடன் வந்தோர் பதறுகின்றனர். “ஊசி போடாமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே!” என்று சினம் கொள்கின்றனர். சிலர் நோயாளியை வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகவும் துணிகின்றனர். வழியிலே கழியும் அந்த நேரம் உயிரையே கொண்டுபோய்விடக் கூடும். செவிலியர் ஏன் காத்திருக்கிறார், அவர் எதைப் பார்க்கிறார், அவர் பக்கத்தில் உள்ள தட்டில் என்னென்ன மருந்துகள் இருக்கின்றன என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்தப் பதற்றத்துக்கு இடமிராது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அபாயத்தின் அளவு

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. பாம்பின் விஷத்துக்குச் சரியான மருந்து நூறாண்டுகளுக்கு மேலாக உண்டு. அப்படியிருந்தும் இத்தனை பேர் இறப்பதற்கு, மருந்துக்கும் மனிதருக்கும் இடையே கழிந்துபோகும் காலம் ஒரு பெருங்காரணமாகும்.

நான்கு பாம்புகள், இரண்டு வழிகள்

நம் நாட்டில் மிகுதியாக உயிரைக் குடிப்பவை நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றின் விஷம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது.

விரியன் வகையில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்குகின்றன. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை அவ்விஷம் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. பின்னர் ஈறிலிருந்தும் கடிவாயிலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே மூளையிலோ வயிற்றிலோ இரத்தம் கசிந்தால் ஆபத்து. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்புக்கும் தசைக்கும் இடையே உள்ள தொடர்பைத் தடுக்கின்றன. முதலில் கண் இமை தொங்கும். பின்னர் பேச்சுக் குழறும். எச்சில் விழுங்க இயலாது. இறுதியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். கட்டுவிரியனைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அது இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும் வழக்கமுடையது. கடிவாயில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருப்பதில்லை. பல்லின் தடமும் எளிதில் புலப்படுவதில்லை. விடியற்காலையில் வயிற்று வலியும் வாந்தியும் கண்டு, தின்றது சேரவில்லை என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பர். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாத வயிற்று வலியோடு கண் இமையும் தொங்குமானால், பாம்பைக் கண்ணால் காணாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

செவிலியர் முதலில் பார்ப்பவை

இரவு வேளையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கதவைத் தட்டுவோரை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவர் முதலில் பார்ப்பது கடிவாயை அன்று, மூச்சை. நோயாளி பேசுகிறாரா, மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா, விரலில் மாட்டும் கருவி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுகிறது, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் எப்படி உள்ளன என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். கடிபடாத கையில் ஊசிக் குழல் ஒன்றை நரம்பில் ஏற்றி வைக்கிறார். பின்னால் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் நரம்பு கிடைப்பது அரிதாதலால், இதனை முன்னரே செய்து வைக்கிறார்.

அடுத்து மூன்று எளிய பரீட்சைகள். “மேலே பாருங்கள்” என்பார். இமை தொங்குகிறதா என்று தெரியும். “ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்” என்பார். எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் குறைந்து வருமானால் மூச்சுத் தசை சோர்கிறது என்பது பொருள். “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்” என்பார். கழுத்துத் தசையின் வலு தெரியும். இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதைக் கண்டு, நோயாளியை வீணே வருத்துகிறார் என்று எவரும் எண்ணலாகாது. வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதுவதும், சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கேட்பதும் அத்தகையனவே. வீக்கம் கோட்டைத் தாண்டி ஏறுகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பவற்றை இவை காட்டுகின்றன.

கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

இனி அந்தக் குழாய்க்கு வருவோம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 அல்லது 3 மில்லிலிட்டர் இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைக்கிறார் செவிலியர். பின்னர் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறார். இரத்தம் பாகு போல் உறைந்து குழாயில் ஒட்டி நின்றால், அந்த வேளையில் இரத்தத்தின் உறையும் தன்மை கெடவில்லை என்று கொள்ளலாம். தண்ணீர் போல் ஓடினால் விரியன் விஷம் உடலில் வேலை செய்கிறது என்பது உறுதியாகிறது.

குழாய் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும். இரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் மேற்பரப்பு தூண்டுதலாகிறது. பிளாஸ்டிக் அவ்வாறு தூண்டுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயும் உதவாது. சோப்பின் மிச்சம் உறைதலைத் தடுத்துவிடும். உறைய வேண்டிய இரத்தம் உறையாமல் நின்று, விஷம் ஏறாதவருக்கும் ஏறிவிட்டது போல் பொய் சொல்லும். இடையிடையே எடுத்துக் குலுக்கிப் பார்த்தாலும் முடிவு கெட்டுப்போகும். ஆகவே “ஒரு தரம் ஆட்டிப் பாருங்களேன்” என்று செவிலியரை வற்புறுத்தாதிருப்பது நன்று.

முதல் முறை இரத்தம் உறைந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. விஷம் மெல்ல மெல்ல ஏறக் கூடுமாதலால், குறித்த இடைவெளிகளில் இச்சோதனை மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது. எந்தக் குறியும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

இன்னொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். நரம்பைத் தாக்கும் விஷத்தை இக்குழாய் காட்டாது. இமை தொங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, கடிவாயிலும் ஈறிலும் இரத்தம் நில்லாமல் கசிந்தாலோ இருபது நிமிடம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. உடனே மருந்து தொடங்கப்படும்.

எல்லோருக்கும் ஏன் ஊசி போடுவதில்லை?

கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பு கடித்தாலும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்துவதில்லை. விஷமுறிவு மருந்தோ குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிறிது சிறிதாகக் குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகின்றனர். அது நம் உடலுக்கு அயலான பொருளாதலால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். விஷம் ஏறாதவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் நன்மையில்லை. அபாயம் மாத்திரம் உண்டு. செவிலியரின் இருபது நிமிடக் காத்திருப்பு இந்த நியாயத்தின் மேல் நிற்பதே ஆகும்.

விஷம் ஏறியது உறுதியானால் மருந்து தாராளமாகவே கொடுக்கப்படும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. பொடியாக உள்ள மருந்தில் நீர் சேர்த்துக் கரைத்தால் ஒரு குப்பி 10 மில்லிலிட்டர் ஆகும். ஒவ்வொரு மில்லிலிட்டரும் கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் விஷமோ சராசரியாக 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல். முதல் தடவை 8 முதல் 10 குப்பிகள் கொடுக்கும் கணக்கு இதிலிருந்து வந்ததே. குழந்தைக்கும் அதே அளவுதான். ஏனெனில் கடிபட்டவர் சிறியவர் என்று பாம்பு விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. பெற்றோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கரைக்கும்போது செவிலியர் குப்பியைக் குலுக்குவதில்லை. நுரை கட்டாதவாறு மெல்லச் சுழற்றுகிறார். பத்துக் குப்பியையும் அவ்வாறு கரைப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். பின்னர் மருந்து நரம்பு வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடிவாயிலேயே ஊசி குத்துவது தவறான முறை.

தட்டிலுள்ள மற்ற மருந்துகள்

விஷமுறிவு மருந்தைத் தொடங்குமுன் செவிலியர் வேறொரு மருந்தை ஊசியில் எடுத்துத் தயாராக வைக்கிறார். அதுதான் அட்ரினலின். குதிரைப் பொருளால் ஒவ்வாமை உண்டானால் உடலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும், வாந்தி, நடுக்கம் உண்டாகும், முகம் வீங்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் விழும். அந்தக் கணமே விஷமுறிவு மருந்தை நிறுத்தி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் போடுகின்றனர். குழந்தைகளுக்கு எடைக்கேற்பக் குறைக்கின்றனர். நிலைமை சீரானதும் விஷமுறிவு மருந்து மறுபடியும் தொடங்கப்படுகிறது. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனி வேண்டாம்” என்று உறவினர் தடுத்தல் ஆகாது. ஒவ்வாமையை அடக்க மருந்து உண்டு; ஏறிய விஷத்தை முறிக்க வேறு மருந்து கிடையாது.

நரம்பைத் தாக்கும் கடிக்கு அட்ரோபின், நியோஸ்டிக்மின் என்ற இரண்டு மருந்துகள் தட்டில் உள்ளன. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள் விரைவில் அழிந்துவிடாமல் நியோஸ்டிக்மின் காக்கிறது. அதனால் உண்டாகக் கூடிய நாடித் தளர்ச்சியையும் எச்சில் பெருக்கையும் தடுக்க அட்ரோபினை முன்னதாகக் கொடுக்கின்றனர். நல்ல பாம்பின் விஷம், தசையில் அச்செய்தி வந்து சேரும் வாயிலை அடைக்கிறது. ஆதலால் அக்கடியில் நியோஸ்டிக்மின் நல்ல பயன் தரும். கட்டுவிரியன் விஷமோ செய்தி புறப்படும் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. அங்கே இம்மருந்துக்கு வேலை குறைவு. அந்நிலையில் உயிரைக் காப்பது பிராணவாயுவும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையுமே. நரம்பு முனை மீண்டும் வளரும் வரை, சில நாட்கள்கூட, இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றப்பட்டவர்கள் உண்டு. அசைவற்றுக் கிடப்பவரை இறந்தவர் என்று எண்ணித் திரும்ப அழைத்துச் செல்வது பெரும் பிழை. அவர் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பர். ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலால், வழியில் கடையில் வாங்கிக் கொடுக்கலாகாது.

மருந்துக்குப் பின்னால் ஒரு கூட்டுறவுச் சங்கம்

கூட்டுறவாளராகிய நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. விஷமுறிவு மருந்து செய்யப் பாம்பு விஷம் வேண்டுமன்றோ? அதனைத் தருவதில் நம் நாட்டிலேயே பெரும்பங்கு வகிப்பது, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகும். முன்னாளில் இருளர் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தனர். 1972-இல் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. அவர்கள் பிழைப்பு நின்றது. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978-இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அரசின் அனுமதி பெற்றுப் பிடிக்கும் பாம்பைச் சுமார் மூன்று வாரம் பானையில் வைத்துக் காத்து, நான்கு முறை விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். உலர்த்திய விஷம் மருந்துச் சாலைகளுக்குப் போகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பாம்பைக் கொன்று பிழைத்தவர்கள் கூட்டுறவினால் மனிதரைக் காப்பவர்களாயினர்.

ஒரே வகைப் பாம்பின் விஷமும் இடத்துக்கிடம் மாறுபடுவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகையால் எல்லா ஊர்களிலும் மருந்து ஒரே அளவில் பயன் தருவதில்லை. முதல் பத்துக் குப்பிகளுக்குப் பின் ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதும், உறையாவிடில் மேலும் மருந்து கொடுப்பதும் அவசியமாகின்றன.

நாம் செய்ய வேண்டியது

கடிபட்டவரைத் தைரியப்படுத்துக. கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல் பலகையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டுக. மோதிரம், மெட்டி, காப்பு, கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. நடக்க விடாமல் தூக்கிச் செல்க. 108-ஐ அழைக்க. கத்தியால் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் வேண்டா. முன்னரே எவரேனும் இறுகக் கட்டியிருந்தால் வழியில் அவசரப்பட்டு அவிழ்க்க வேண்டா. ஆஸ்பத்திரியில் மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பர். கடித்த நேரத்தையும், முதல் குறி தோன்றிய நேரத்தையும் நினைவில் வைத்துச் செவிலியரிடம் சொல்க. மந்திரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள், நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது வீட்டிலிருந்தபடியே வேண்டிக்கொள்ளலாம். தெய்வம் தூரம் பார்ப்பதில்லை, விஷமோ நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இந்த மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பில் வைக்கப்படுகிறது. மூச்சு இயந்திரமும் சிறுநீரகச் சிகிச்சையும் வேண்டியிருந்தால் காரைக்குடிக்கோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவர். அப்போதும் முதல் மருந்தை இங்கேயே தொடங்கி அனுப்புவதே நல்ல முறை.

வருமுன் காத்தல் இவை யாவினும் எளிது. இருட்டில் கைவிளக்கும் கோலும் இன்றி வரப்பில் இறங்காதீர். அறுவடையில் முழங்கால் வரை மூடும் காலணி அணிக. காலையில் குழித்தறியில் காலை இறக்குமுன் குழியில் விளக்கடித்துப் பாருங்கள். தரையில் படுப்போர் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுக்க. விறகையும் உமி மூட்டையையும் படுக்கும் அறையில் அடுக்காதீர்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இது குறித்து ஒரு நிமிடம் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அருகிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியரை ஒரு நாள் அழைத்து, அந்தக் கண்ணாடிக் குழாயை அங்கத்தினர்களுக்குக் காட்டச் சொல்வோம். விஷமுறிவுக் குப்பியும், புதிய கண்ணாடிக் குழாயும், அட்ரினலினும் இருப்பில் உள்ளனவா என்று பணிவோடு கேட்டறிவோம். இல்லையெனில் மேலதிகாரிகளுக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் எழுதுவோம். தனி ஒருவர் கேட்பதைவிடச் சங்கம் கேட்பதற்கு வலு அதிகம் அன்றோ? செவிலியர் குழாயைப் பார்த்திருக்கும் அந்த இருபது நிமிடமும் நாம் அவர் பக்கத்தில் அமைதியாக நிற்கக் கற்றுக்கொண்டோமானால், நம் ஊரில் ஓர் உயிரேனும் அதனால் பிழைக்கும்.